எந்த ஊரில் குடியிருப்பது?

(ஜும்ஆ உரை)



 

இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவுக்குப் பின் ஒரு பேச்சு எழுகிறது. பெருநகரத்தில் இனியும் இருப்பதா, ஊருக்கே போய்விடுவதா என்பதே அப்பேச்சு. சம்பாத்தியத்தில் பெரும்பகுதி வாடகைக்குப் போகிறது. ஃபஜ்ருக்குப் பின் வேலைக்குப் புறப்பட்ட தகப்பன் இஷாவுக்குப் பின்தான் வீடு திரும்புகிறான்; உறங்கும் பிள்ளைகளின் முகத்தையே அவன் பார்க்கிறான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பல குடும்பங்கள் சொந்த ஊருக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கின. வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை செய்யலாம் என்பதும் அப்போது பலருக்குத் தெரிய வந்தது. அன்று முளைத்த எண்ணம் இன்றும் பலர் உள்ளத்தில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பூர்வீகம் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த கீழச்சிவல்பட்டி. அங்கே தந்தை விட்டுச் சென்ற வீடு பூட்டிக் கிடக்கிறது; அல்லது வயதான தாய் மட்டும் அதில் தனியே இருக்கிறார். சென்னைக்கும் அந்த ஊருக்கும் இடையே ஓர் இரவுப் பயணம். கணவன் போகலாம் என்கிறான். மனைவி பிள்ளைகளின் படிப்பை எண்ணித் தயங்குகிறாள். இந்தக் குடும்பம் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும்? மார்க்கம் இதில் நமக்கு வழி காட்டுகிறதா? அதையே இன்று சிந்திப்போம்.

பூட்டிய வீடுகள் தரும் படிப்பினை

கீழச்சிவல்பட்டி செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுள் ஒன்று. நகரத்தார் பெருமக்கள் கடந்த இரு நூற்றாண்டுகளில் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டார்கள். ஈட்டிய செல்வத்தைக் கொண்டு சொந்த ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கில் தூண்கள் நிறுத்தினார்கள். ஆத்தங்குடிக் கற்கள் பதித்தார்கள். வறண்ட அந்தச் சீமையில் மழைநீரைத் தேக்க ஊருணிகளை வெட்டி வைத்தார்கள்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். பலர் காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1960களில் பர்மிய அரசு வணிக நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியிருந்தவர்களும் திரும்பினார்கள். அவர்களுள் நம் சமுதாயத்து மக்களும் ஏராளம். செட்டிநாட்டு வீடுகளின் வாரிசுகள் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்று அங்கேயே நிலைத்தார்கள். ஆள் இல்லாத வீடுகள் பல பழுதடைந்தன. சில பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. 2014ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கான முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வளவு பெருமை உடைய வீடுகள், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டும் திறக்கப்படுபவையாகப் பல இடங்களில் இருக்கின்றன.

வட்டித் தொழிலை மார்க்கம் நமக்கு விலக்கியிருக்கிறது. அது வேறு செய்தி. இங்கே நாம் காண வேண்டியது ஒன்றுதான். வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், குடியிருக்க ஆளில்லாவிட்டால் ஊர் ஊராக நிற்காது. நம்முடைய சிற்றூர்களிலும் அதே நிலை வந்துகொண்டிருக்கிறது. பாட்டன்மார் நிலம் வக்ஃபு செய்து கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது; பெருநாள் தொழுகைக்கு இடம் போதவில்லை; ஆனால் மறுநாள் ஃபஜ்ருக்கு இமாமும் முஅத்தினும் மட்டும் நிற்கிறார்கள்.

எதை முதலில் எண்ணுவது?

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவி ஹாஜர் (அலை) அவர்களையும் பச்சிளம் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களையும் மக்காவின் பள்ளத்தாக்கில் குடியமர்த்திய வரலாற்றை நாம் அறிவோம். அப்போது அவர்கள் செய்த துஆவை அல்லாஹ் திருமறையில் பாதுகாத்து வைத்திருக்கிறான் (14:37). விளைச்சல் இல்லாத ஓர் இடத்தில் தம் குடும்பத்தைக் குடியேற்றியதாகக் கூறும் அவர்கள், அதற்குரிய நோக்கமாகத் தொழுகை நிலைநாட்டப்படுவதையே முதலில் சொல்கிறார்கள். மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்பதை அடுத்துக் கேட்கிறார்கள். கனிகளாகிய உணவை மூன்றாவதாகக் கேட்கிறார்கள்.

தொழுகை, நல்ல மனிதர்களின் அன்பு, ரிஸ்க் என்பது அவ்வரிசை. நாம் ஊர் பார்க்கும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறோம். அண்டை வீட்டார் யார் என்று பிறகு கேட்கிறோம். பள்ளிவாசல் எங்கே என்பது சாமான் இறக்கிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பி நடந்தபோது ஹாஜர் (அலை) அவர்கள் பின்தொடர்ந்து சென்று, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்ற விடை கிடைத்த பின்னரே, அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று கூறித் திரும்பினார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். நபியின் மனைவியே காரணம் கேட்டார் என்றால், நம் இல்லத்தரசிகளுக்குக் காரணம் கேட்கும் உரிமை இல்லையா? ஊர் மாறும் செய்தியை மனைவிக்கு உத்தரவாக அறிவிக்கும் கணவன் இதைச் சிந்திக்க வேண்டும்.

அடிச்சுவடுகள் எழுதப்படுகின்றன

மதீனாவில் பனூ ஸலிமா என்றொரு கிளையார் இருந்தார்கள். அவர்களின் வீடுகள் மஸ்ஜிதுந் நபவீக்குத் தொலைவில், ஊரின் ஓரத்தில் இருந்தன. பள்ளிவாசலைச் சுற்றி இடம் காலியானபோது, அங்கே குடிபெயர அவர்கள் விரும்பினார்கள். நோக்கம் மிக நல்ல நோக்கம். நபி (ஸல்) அவர்களின் அருகில் இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அண்ணலார் அவர்களை அழைத்து, இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், அவர்கள் நடந்து வரும் அடிச்சுவடுகள் எழுதப்படுகின்றன என்றும் கூறினார்கள். இச்செய்தி முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. மதீனாவின் ஓரப்பகுதி ஆளின்றி வெறுமையாவதை நபியவர்கள் விரும்பவில்லை என்று புகாரீயில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

சகோதரர்களே! இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் பள்ளிக்கு நடந்து வருவதன் சிறப்பைச் சொல்ல மட்டுமே பயன்படுத்துகிறோம். அதில் குடியிருப்பைப் பற்றிய பாடமும் இருக்கிறது. எல்லாரும் நடுவிடம் தேடி வந்துவிட்டால் ஓரத்தை யார் காப்பது? நல்லவர்கள் அனைவரும் வசதியான இடத்தில் கூடிவிட்டால், வசதியற்ற இடத்தில் பாங்கோசைக்கு விடையளிப்பவர் யார்? எனக்கு எந்த ஊர் நல்லது என்ற கேள்வியோடு, எந்த ஊருக்கு நான் தேவை என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க இந்த ஹதீஸ் கற்பிக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற நாற்பது பேர் வேண்டும் என்பதை அறிவீர்கள். அந்த நாற்பதில் யாரைச் சேர்ப்பது என்று சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பருவ வயதடைந்த, புத்தி சுவாதீனமுள்ள ஆண்கள் அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்; தேவைக்காகவே அன்றிக் கோடையிலும் குளிரிலும் ஊரை விட்டு நீங்காதவர்களாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்தவரின் ஜும்ஆ நிறைவேறும். ஆனால் அவரைக் கொண்டு நாற்பது நிறையாது. ஹனஃபீ மத்ஹபில் எண்ணிக்கை குறைவு. எனினும் ஜும்ஆ நடக்கும் இடம் நகரமாகவோ நகரத்தைச் சார்ந்ததாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒரு சிற்றூரில் ஜும்ஆ நடைபெறுமா என்பது அங்கே குடியிருப்பவர்களைப் பொறுத்து அமைகிறது. நன்கொடை அனுப்பினால் பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். ஸஃப்பை நிரப்ப ஆள்தான் வர வேண்டும்.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸில், ஒரு சிற்றூரில் மூவர் இருந்து அவர்களிடையே ஜமாஅத் தொழுகை நிலைநாட்டப்படாவிட்டால் ஷைத்தான் அவர்களை மிகைத்துவிடுவான் என்றும், கூட்டத்தை விட்டுத் தனித்த ஆட்டையே ஓநாய் தின்னும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). முஸ்லிம்கள் மிகக் குறைவாக உள்ள ஊருக்குச் செல்ல எண்ணுவோர் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். அங்கே சென்று ஜமாஅத்தை நடத்த இயலுமா? பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஒரு மக்தப் உண்டா? இல்லையெனில் அதைத் தொடங்கும் உறுதி நமக்கு உண்டா? நகரத்தில் ஐந்து நேரமும் ஜமாஅத்துடன் தொழுதவர் ஊருக்குச் சென்று திண்ணையில் தனியே தொழுபவராக மாறிவிட்டால், அவர் இலாபம் அடைந்தவர் ஆகமாட்டார்.

பாகம் பிரிக்காத வீடு

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். சொல்லாமல் விடவும் முடியாது.

ஊரில் சொந்த வீடு இருக்கிறது, வாடகை மிச்சம் என்று சொல்கிறோம். அது யாருடைய சொந்த வீடு? தந்தை இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? பாகப்பிரிவினை நடந்ததா? உடன்பிறந்த சகோதரிகளுக்கு அவர்களுடைய பங்கு போய்ச் சேர்ந்ததா? தாய்க்குரிய எட்டில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதா? பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் கூடுதலாயினும், ஆண்களுக்குப் பங்கு உண்டு என்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அல்லாஹ் அறிவித்துவிட்டான் (4:7). அதைக் கடமையாக்கப்பட்ட பங்கு என்றும் உறுதிப்படுத்தியிருக்கிறான்.

அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, ஆகவே வீட்டில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது நம் வீடுகளில் கேட்கும் வாதம். கல்யாணச் செலவு வாரிசுரிமைக்கு ஈடாகாது. தந்தை உயிரோடு இருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர் இறந்த கணத்தில் அவளுக்கு உரிமையானது அல்லாஹ் கொடுத்த பங்கு. சகோதரி வாய் திறந்து கேட்கவில்லை என்பதும் விட்டுக்கொடுத்ததற்கு அடையாளம் ஆகாது. கேட்டால் பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் அவள் மௌனமாக இருக்கலாம். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவருக்கு ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்ற எச்சரிக்கை புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தப் பிறரில் உடன்பிறந்தவளும் அடங்குவாள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குச் சென்றதும் பள்ளிவாசல் கட்ட ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இனாமாகத் தர முன்வந்தும், அண்ணலார் ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்ற பொருளில் நபியவர்கள் விடையளித்தார்கள். குடும்பத்து வீடுகளை அபூதாலிபின் மகன் அகீல் விற்றுவிட்டிருந்தார். வெற்றியாளராக ஊருக்குள் நுழைந்தவர் பிறந்த ஊரின் பழைய வீட்டுக்காக யாரையும் வெளியேற்றவில்லை, கூடாரத்தில் தங்கினார்கள்.

ஆகவே ஊர் திரும்ப எண்ணும் சகோதரர்களே! முதல் வேலையாக ஓர் ஆலிமிடம் சென்று வாரிசுகளின் பட்டியலைக் கொடுத்துப் பங்குகளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சகோதரிகளை அழைத்து உட்கார வைத்து, உங்கள் பங்கு இது, பணமாக வேண்டுமா, இடமாக வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முழுவதையும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் தவணை எழுதிக் கொடுங்கள். அதன்பின் பத்திரப் பதிவும் செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த வீட்டில் குடியேறுங்கள். அந்த வீட்டில் பரக்கத் இருக்கும். சகோதரிகளும் தம் பிள்ளைகளோடு மனநிறைவாக வந்து போவார்கள்.

தாய் தந்தையர்

ஊரில் தனியே இருக்கும் பெற்றோரை முன்னிட்டுத் திரும்ப எண்ணுவோருக்கு ஒரு நற்செய்தி. ஹிஜ்ரத்திற்கு உறுதிமொழி அளிக்க ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் பெற்றோரை அழுத நிலையில் விட்டு வந்ததாகவும் கூறினார். திரும்பிச் சென்று, அவர்களை அழ வைத்தது போலவே சிரிக்க வையுங்கள் என்ற கருத்தில் அண்ணலார் அவருக்குக் கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). ஹிஜ்ரத்தையே பின்னுக்குத் தள்ளிய கடமை இது. நம்முடைய பதவி உயர்வு அதற்கு முன் எம்மாத்திரம்!

எனினும் இதிலும் நிதானம் தேவை. தாய்க்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படுகிறது என்றால், அவரை நகரத்துக்கு அழைத்து வருவதே பணிவிடையாக அமையலாம். முன்பு அப்பகுதி மக்கள் பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. சிவகங்கையில் 2012இலும், புதுக்கோட்டையில் 2017இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதால் அந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியும் என்பதை, ஊருக்குச் சென்று வழியையும் வாகன வசதியையும் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வருவாயும் படிப்பும்

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். அன்னாருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்றுதான் அப்துர் ரஹ்மான் (ரலி) கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். ஊர் மாறுபவருக்கு இது ஒரு முன்மாதிரி. சேமிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம் என்ற கணக்கு நீண்ட நாள் செல்லாது. ஊரில் என்ன தொழில், அதற்கு அங்கே தேவை உண்டா, வீட்டிலிருந்து செய்யும் வேலையாயின் நிறுவனம் எழுத்து மூலம் சம்மதித்ததா, ஒரு வருடத்திற்குரிய செலவு கையில் உண்டா என்பவற்றை முன்கூட்டியே பார்க்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ளவர்களின் உணவைப் பாழாக்குவது ஒரு மனிதனுக்குப் போதுமான பாவம் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது (அபூதாவூத்).

பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரை, சிற்றூர் என்றால் இருட்டு என்று எண்ண வேண்டியதில்லை. காரைக்குடியில் 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகம் இயங்குகிறது. நம் சமுதாயத்தார் நிறுவிய டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி இதே மாவட்டத்தின் இளையான்குடியில் 1970 முதல் கல்விப் பணி செய்கிறது. அதே வேளையில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையை இடையில் பிடுங்கி நடுவது நல்லதன்று. அத்தகைய பிள்ளை இருந்தால் ஒரு வருடம் பொறுப்பதில் தவறில்லை.

கணவன் மட்டும் நகரத்திலோ வளைகுடாவிலோ இருக்க, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பும் வழியைப் பலர் எடுக்கின்றனர். வாடகை மிச்சமாகும், ஆனால் குடும்பம் இரண்டாகிவிடும். போர்முனைக்குச் சென்ற வீரர்கள் நீண்ட காலம் மனைவியரைப் பிரிந்திருந்ததை அறிந்த உமர் (ரலி) அவர்கள், பிரிவுக்கு ஒரு கால வரம்பை ஏற்படுத்தினார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். நாட்டைக் காக்கச் சென்றவர்களுக்கே வரம்பு இருந்தது. வாடகையைச் சேமிக்கப் பிரிபவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

நிய்யத்தைச் சோதித்தல்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091இல் பக்தாத் மாநகரின் நிஸாமிய்யா மத்ரஸாவில் பேராசிரியராக அமர்ந்தார்கள். அக்காலத்தில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று. அங்கே இருந்துகொண்டு தம் உள்ளத்தைச் சோதித்தபோது, தம் போதனையில் அல்லாஹ்வின் திருப்தியை விடப் புகழாசையே மிகுந்திருப்பதாகக் கண்டார்கள். போவதா, இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் தவித்தார்கள். பேச நா எழாத அளவுக்கு நோயுற்றார்கள். 1095இல் குடும்பத்தின் தேவைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துப் பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், ஹஜ் என்று சென்ற பின், பிள்ளைகளின் அழைப்பு அவர்களைச் சொந்த ஊரின் பக்கம் ஈர்த்தது. மீண்டும் 1106இல் நைஸாபூரில் பாடம் நடத்தும் அழைப்பு வந்தபோது அதை ஏற்றுச் சென்றார்கள். பின் தம் ஊரான தூஸுக்குத் திரும்பி, மாணவர்களுக்குக் கற்பித்தபடியே 1111இல் வஃபாத்தானார்கள்.

பெருநகரை விட்டதும் நிய்யத்துக்காக. மீண்டும் நகருக்குச் சென்றதும் நிய்யத்துக்காக. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். ஊருக்குப் போக விரும்புவது எதனால்? கடன்காரரிடமிருந்து ஒளியவா? மேலதிகாரி மீதுள்ள கோபத்தாலா? அப்படியானால் அக்குறை நம்மோடு பயணம் செய்து ஊருக்கும் வந்து சேரும். நகரத்திலேயே இருக்க விரும்புவது எதனால்? பிள்ளைகளின் நன்மைக்கா, ஊரார் நம்மைத் தோற்றுத் திரும்பியவன் என்பார்களே என்ற வெட்கத்துக்கா? நகரத்தின் ஒரு மஹல்லாவில் மக்தபையோ ஜனாஸா சேவையையோ தாங்கி நிற்பவர் அங்கேயே இருப்பதில் நன்மை மிகுதியாக இருக்கலாம். பனூ ஸலிமாவாருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அவருக்கும் பொருந்தும்.

மஷ்வராவும் இஸ்திகாராவும்

நபியவர்களையே தோழர்களிடம் ஆலோசனை செய்யுமாறும், முடிவெடுத்தபின் அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறும் அல்லாஹ் பணித்தான் (3:159). மனைவியிடமும், பேச்சுப் புரியும் வயதுப் பிள்ளைகளிடமும், ஊரில் வாழும் அனுபவசாலிகளிடமும் ஆலோசியுங்கள். ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்றுச் செயல்பட்டதை மறவாதீர்கள். முடிந்தால் ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு ஊரில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். விருந்தாளிகளாக இல்லாமல், குடியிருப்பவர்களைப் போல ரேஷன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஐவேளைத் தொழுகைக்கும் சென்று பாருங்கள்.

பிறகு இஸ்திகாரா செய்யுங்கள். திருக்குர்ஆனின் சூராவைக் கற்பிப்பது போலவே நபி (ஸல்) அவர்கள் இதைத் தோழர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ). ஃபர்ளல்லாத இரண்டு ரக்அத் தொழுது, அதற்குரிய துஆவை ஓத வேண்டும். மார்க்கத்திற்கும் வாழ்வுக்கும் மறுமைக்கும் நல்லதாயின் எளிதாக்கித் தருமாறும், தீயதாயின் திருப்பி விடுமாறும் வேண்டுவதே அதன் சாரம். நம் மக்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. வேறொருவரிடம் காணிக்கை கொடுத்து இஸ்திகாரா பார்க்கச் சொல்வதும், கனவில் பச்சை தெரிந்தால் போவது, கறுப்பு தெரிந்தால் இருப்பது என்று காத்திருப்பதும் அந்த ஹதீஸில் இல்லை. தொழுது துஆ செய்தபின், சிந்தித்துத் தேர்ந்த வழியில் நடக்க வேண்டும்; அல்லாஹ் நல்லதைத் திறப்பான், தீயதை அடைப்பான்.

போன பிறகு

முடிவு செய்து ஊருக்குச் சென்றீர்களா? அங்கே குடியிருப்பவராகவே வாழுங்கள். மக்கா நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஊர். ஆயினும் ஹிஜ்ரத்துக்குப் பின் மக்காவுக்கு வந்தபோது பயணியைப் போலவே தொழுகையைச் சுருக்கித் தொழுதார்கள். ஏனெனில் மதீனா அவர்களின் ஊராகிவிட்டிருந்தது. குடும்பத்தோடு ஓர் ஊரை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வேறோர் ஊரை வதனாக்கிக் கொண்டால் முந்திய ஊர் வதனாக நீடிக்காது என்பது ஹனஃபீ சட்டம். அங்கே வீடோ நிலமோ எஞ்சியிருந்தால் என்ன நிலை என்பதை உங்கள் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஊரைத் தன் ஊராக ஏற்பது நிய்யத்தையும் வாழ்வையும் சேர்ந்த செயல் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

முதல் வருடம் கடினமாகவே இருக்கும். அல்லாஹ்வுக்காக ஹிஜ்ரத் செய்த அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோரே மதீனா வந்ததும் காய்ச்சலில் விழுந்தார்கள். மக்காவை நினைத்து ஏங்கினார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், மக்காவைப் போன்றோ அதனினும் மேலாகவோ மதீனாவை எங்களுக்கு விருப்பமானதாக ஆக்குவாயாக என்ற கருத்தில் துஆ செய்தார்கள் (புகாரீ). ஊர் பிடிக்கவில்லை என்று பிள்ளை அழுதால் கோபிக்காதீர்கள். இந்தச் சுன்னத்தை நினைவு கூர்ந்து அப்பிள்ளையோடு கையேந்துங்கள். அங்கேயே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று புலம்பவும் வேண்டாம். நடந்து முடிந்ததைப் பற்றி அப்படிப் பேசுவது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

நகரத்திலேயே இருக்க முடிவு செய்தவர்களும் ஊரை மறந்துவிட வேண்டாம். சகோதரிகளின் பங்கைக் கொடுப்பதும், தாயின் முகம் பார்க்கச் செல்வதும், ஊர் மக்தபின் ஓர் உஸ்தாதுடைய ஊதியத்தில் பங்கேற்பதும் எங்கிருந்தாலும் செய்யக்கூடியவை.

யா அல்லாஹ்! எங்கள் குடும்பங்களுக்கு மார்க்கமும் வாழ்வும் சிறக்கும் ஊரைத் தேர்ந்து தருவாயாக! உரிமையுள்ளவர்களின் உரிமையைக் கொடுத்துவிட்டு எங்கள் வீடுகளில் குடியேறும் தைரியத்தைத் தருவாயாக! ஆளின்றி வாடும் உன் பள்ளிவாசல்களை எங்கள் பிள்ளைகளைக் கொண்டு நிரப்புவாயாக! நாங்கள் எங்கே நடந்தாலும் எங்கள் அடிச்சுவடுகளை நன்மையாக எழுதுவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.